அன்னாசி வற்றல்: ஓவனில் மெல்ல உலர்த்தும் முறை

அன்னாசி மலிவாக வரும் நாட்களில் இரண்டு பழம் வாங்கி வற்றல் போட்டு வைத்தால், பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் தின்ன நல்ல தீனி. சர்க்கரைப் பாகு எதுவும் வேண்டாம், பழம் மட்டும் போதும். மொட்டை மாடி இல்லாத வீட்டிலும் ஓவனில் இதைச் செய்துவிடலாம். மைக்ரோவேவ் மட்டும் உதவாது, பழம் வெந்துவிடும்.

கேரளத்தின் வாழக்குளத்தில் விளையும் மொரீஷியஸ் ரகம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பழம் சிறியது, இனிப்பு நன்றாக இருக்கும். அடிப்பக்கத்தை முகர்ந்தால் மணம் வர வேண்டும். புளித்த வாடை அடித்தால் வேண்டாம்.

தோலைச் சீவியதும் பழத்தின் மேல் பழுப்புக் கண்கள் சாய்வான வரிசையில் தெரியும். அந்தச் சாய்விலேயே கத்தியை இருபுறமும் செலுத்தி, வாய்க்கால் வெட்டுவதுபோல் வரிசை வரிசையாக எடுத்துவிடுங்கள். தனித்தனியே தோண்டினால் பழம் வீணாகும். நடுத்தண்டை நீக்கி, 5 மில்லிமீட்டர் கனத்தில் வில்லைகளாக நறுக்குங்கள். எல்லாம் ஒரே கனமாக இருப்பது மிக முக்கியம். பிறகு துணியில் ஒற்றி எடுங்கள்.

கம்பித் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புங்கள். சாறு சொட்டும் என்பதால் கீழே ஒரு தட்டு வையுங்கள்.

இனி சூடு. 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் போதும். முதல்முறை நான் அவசரப்பட்டு 150 டிகிரி வைத்தேன். ஓரம் கருகியது, மேல்பக்கம் காய்ந்ததுபோல் தெரிந்தது. டப்பாவில் போட்ட நான்காம் நாள் வெள்ளைப் பூஞ்சை பூத்திருந்தது. சூடு அதிகமானால் மேற்பரப்பு இறுகி, உள்ளே இருக்கும் நீர் வெளியேற வழியின்றி அடைபட்டுவிடுகிறது. உலர்த்துவதில் பாதி வேலை காற்றுடையது. விசிறி உள்ள ஓவன் என்றால் அதை ஓடவிடுங்கள். இல்லையென்றால் கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி, ஈரக்காற்று வெளியேற வழிவிடுங்கள். திறந்த கதவின் அருகே குழந்தைகளை விடாதீர்கள்.

இரண்டு மணிநேரம் கழித்துத் திருப்பிப் போடுங்கள். மொத்தம் ஆறு முதல் எட்டு மணிநேரம் ஆகும். கடிகாரத்தைவிடக் கையை நம்புங்கள். ஒரு வில்லையை எடுத்து, ஆறவிட்டு, இரண்டாக மடித்துப் பிழியுங்கள். ஒடியாமல் வளைய வேண்டும், மடிப்பில் துளி ஈரமும் கசியக்கூடாது. சூடாக இருக்கும்போது எல்லாமே மெத்தென்று தெரியும், அதனால் ஆறிய பிறகுதான் பார்க்க வேண்டும்.

ஒரு கிலோ துண்டு ஏறக்குறைய 170 கிராம் வற்றலாகச் சுருங்கும். குறைந்துவிட்டதே என்று வருந்த வேண்டாம், பழத்தில் நூற்றுக்கு 86 பங்கு நீர்தான்.

நன்றாக ஆறியதும் கண்ணாடிப் புட்டியில் முக்கால் அளவு நிரப்பி மூடுங்கள். ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்கள். கூடுதலாகக் காய்ந்த துண்டு, ஈரமான துண்டிலிருந்து நீரை வாங்கிக்கொள்ளும். புட்டியின் உட்புறம் ஆவி படிந்தால் மறுபடி ஒரு மணிநேரம் ஓவனில் வையுங்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களில் புட்டியைத் திறந்து திறந்து மூடினாலே வற்றல் நமுத்துப்போகும். சிறு சிறு புட்டிகளில் பிரித்து வைத்து, ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததைத் திறங்கள்.