விமான மைலுக்கு என்ன மதிப்பு? கணக்கிடும் முறையும், கரைவதற்குள் செலவழிக்கும் வழியும்

விமான நிறுவனம் வெகுமதிப் புள்ளியாகத் தரும் மைல் உங்கள் கணக்கில் 80,000 இருக்கிறது. அது எத்தனை ரூபாய்? சூட்கேஸ் வாங்கினால் ஒரு மதிப்பு, எக்கானமி டிக்கெட் எடுத்தால் வேறொரு மதிப்பு, பிசினஸ் கிளாஸுக்கு மூன்றாவது மதிப்பு. அடுத்த ஆண்டு வரை வைத்திருந்தால் பெரும்பாலும் இவை எல்லாமே குறைந்திருக்கும். விமான நிறுவனம் தானே அச்சடித்து, அதற்கு என்ன கிடைக்கும் என்பதையும் தானே முடிவு செய்யும் நாணயம் இது. மேலே ரிசர்வ் வங்கி என்று எதுவும் கிடையாது. ஆகவே மைலைச் செலவழிக்கும் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டும். ஐந்து நிமிட வேலைதான்.

முதலில் அடிப்படைக் கணக்கு

அதே நாள், அதே விமானம், அதே வகுப்பில் ரொக்க விலையைப் பாருங்கள். அதிலிருந்து, மைல் டிக்கெட்டிலும் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய வரி, கட்டணங்களைக் கழியுங்கள். மிச்சத்தை மைல் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு மைலின் மதிப்பு வரும்.

உதாரணமாக, ரொக்க விலை 24,000 ரூபாய். மைலில் எடுத்தால் 18,000 மைலும் 6,000 ரூபாய் வரியும். 24,000-இல் 6,000 போக 18,000. அதை 18,000 மைலால் வகுத்தால் மைலுக்கு 1 ரூபாய்.

இதில் பலர் விட்டுவிடும் ஒரு சிறு திருத்தம் உண்டு. ரொக்கம் கொடுத்திருந்தால் அந்தப் பயணத்துக்கே சில நூறு மைல்கள் சேர்ந்திருக்கும். மைல் டிக்கெட்டுக்கு வழக்கமாக அது கிடைக்காது. 600 மைல் இழப்பு என்றால் வகுக்கும் எண் 18,600. மதிப்பு 97 பைசா.

பெரிய தவறு நடக்கும் இடம் பிசினஸ் கிளாஸ். ரொக்க விலை 1,60,000 ரூபாய், மைல் விலை 60,000, வரி 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி மைலுக்கு 2 ரூபாய் 50 பைசா. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த சீட்டுக்கு நீங்கள் 1,60,000 ரூபாயை எடுத்து வைத்திருப்பீர்களா? அதிகபட்சம் 70,000 ரூபாய்தான் கொடுத்திருப்பேன் என்றால், உங்கள் மதிப்பு, வரி 10,000 போக மிஞ்சும் 60,000 ரூபாயை 60,000 மைலால் வகுத்தது, அதாவது 1 ரூபாய். ‘மைலுக்கு ஐந்து ரூபாய் எடுத்தேன்’ என்று யாராவது சொன்னால், யாரும் கொடுக்காத விலையை அவர் மேலே வைத்து வகுத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வரிப் பட்டியலைப் பிரித்துப் பாருங்கள்

பணம் கட்டும் பக்கத்தில் வரி விவரத்தைத் திறந்தால் இரண்டெழுத்துக் குறியீடுகள் வரிசையாக வரும். கே3 என்பது இந்திய ஜிஎஸ்டி. ஒய்.க்யூ, ஒய்.ஆர் இரண்டும் அரசு வரி அல்ல. எரிபொருள் முதலியவற்றின் பெயரில் விமான நிறுவனமே போடும் கூடுதல் கட்டணம். மைல் டிக்கெட்டிலும் இதை வசூலிக்கும் நிறுவனங்கள் உண்டு. வசூலித்தால், இலவச டிக்கெட் என்ற பெயரில் விலையில் ஒரு பகுதியை ரொக்கமாகவே கட்டுகிறீர்கள். இந்தத் தொகை சத்தமில்லாமல் ஏறலாம். மைல் விலை அசையாமல் இருக்கும்போதே உங்கள் மைலின் மதிப்பு இறங்கிவிடும்.

பிரிட்டனில் புறப்படும் பயணத்துக்கு அங்குள்ள விமானப் பயணி வரி தனி. எக்கானமியைவிட மேல் வகுப்புக்கு அது அதிகம். சென்னை–லண்டன்–சென்னை பயணத்தில் போகும் பாதையை மட்டும் மைலில் எடுத்தால் அந்த மைல் டிக்கெட்டில் இந்த வரி வராது. இரு வழியையும் தனித்தனியாகக் கணக்கிட்டுப் பார்த்தால் எந்தப் பக்கம் மைலைச் செலவழிப்பது லாபம் என்பது தெரிந்துவிடும்.

மைல் உங்களுக்கு என்ன விலைக்கு வந்தது?

கிரெடிட் கார்டு வழியாகச் சேர்ந்த மைல் இலவசம் அல்ல. 100 ரூபாய் செலவுக்கு 2 மைல் தரும் கார்டைத் தேய்க்கிறீர்கள். அதே 100 ரூபாய்க்கு 1 ரூபாய் 50 பைசா கேஷ்பேக் தரும் கார்டும் கையில் இருக்கிறது. அந்தப் பணத்தை விட்டுக்கொடுத்துத்தான் 2 மைல் வாங்கினீர்கள்; ஒரு மைலின் அடக்க விலை 75 பைசா. ஆண்டுக் கட்டணத்தையும் சேர்த்தால் இன்னும் ஏறும். டிக்கெட்டுக்கு மைல் 75 பைசாவுக்குக் கீழே போனால் அது நஷ்டம். ரொக்கம் கொடுத்துவிட்டு மைலை வைத்துக்கொள்ளுங்கள். கார்டு நிறுவனத்தின் பொருள் பட்டியலில் மிக்ஸி, ஹெட்போன் வாங்குவது பெரும்பாலும் இந்தக் கோட்டுக்குக் கீழேதான் விழும்.

மதிப்பு ஏன் சரிகிறது

1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் ஏஅட்வாண்டேஜ் திட்டத்தைத் தொடங்கியபோது பறந்த தூரத்துக்கு மைல் கொடுத்தார்கள். பெயர் வந்ததே அப்படித்தான். இப்போது மைலின் பெரிய வாடிக்கையாளர்கள் வங்கிகள். விமான நிறுவனம் மைலை மொத்தமாக வங்கிக்கு விற்கிறது, வங்கி அதைக் கார்டுக்காரர்களுக்குக் கொடுக்கிறது. எவ்வளவு பெரிய வியாபாரம் என்பது 2020-இல் வெளிப்பட்டது: கொரோனாவில் விமானங்கள் நின்றபோது டெல்டா தன் ஸ்கைமைல்ஸ் திட்டத்தை ஈடாக வைத்து 900 கோடி டாலர் திரட்டியது. மைல் பெருகிக்கொண்டே போகிறது, காலி சீட்டுகள் அதே வேகத்தில் பெருகுவதில்லை. அப்போது சீட்டின் மைல் விலையை ஏற்றுவதுதான் நிறுவனத்துக்கு எளிய வழி.

ஏற்றுவதிலும் இரண்டு விதம். எந்தப் பாதைக்கு எத்தனை மைல் என்று நிலையான விலைப்பட்டியல் வைத்திருக்கும் திட்டத்தில் ‘இந்தத் தேதி முதல் புது விலை’ என்று பெரும்பாலும் முன்கூட்டியே சொல்வார்கள். பட்டியலையே எடுத்துவிட்ட திட்டத்தில் விலை ரொக்க விலையோடு சேர்ந்து தினமும் ஆடும்; அறிவிப்பே இருக்காது. டெல்டா 2015-இல் பட்டியலை எடுத்தது, யுனைடெட் 2019-இல் எடுத்தது. பட்டியல் உள்ள திட்டத்தில் பயணத் தேவை வரும்வரை ஓரளவு காத்திருக்கலாம். பட்டியல் இல்லாத திட்டத்தில் மைலைச் சேர்த்து வைப்பதற்குக் காரணமே கிடையாது.

விலை உயர்வைப் படிக்கும்போது ஒரு சின்னக் கணக்கு. 40,000 மைல் டிக்கெட் 50,000 ஆனால் விலை 25% ஏறியது, உங்கள் மைலின் மதிப்பு 20% இறங்கியது. இரண்டும் ஒரே எண் அல்ல.

கிரிஸ்ஃப்ளையர்: ஒரு நல்ல பாடம்

சென்னை–சிங்கப்பூர் போய்வரும் தமிழர்களில் பலரிடம் இருக்கும் மைல், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர். இதன் சமீப வரலாற்றைப் பாருங்கள். 2017 மார்ச்சில் இணையத்தில் பதிவு செய்தால் கிடைத்த 15% தள்ளுபடி போனது. கூடவே சொந்த விமானங்களின் மைல் டிக்கெட்டுக்கு எரிபொருள் கூடுதல் கட்டணமும் போனது. மைல் விலையை மட்டும் பார்த்தவர்கள் கொதித்தார்கள். கையிலிருந்து கட்டும் தொகை குறைந்ததையும் சேர்த்து மேலே சொன்ன வகுத்தலைப் போட்டிருந்தால், அடி எவ்வளவு என்பது பாதைக்குப் பாதை மாறுவது தெரிந்திருக்கும். பிறகு 2019 ஜனவரியில் உயர்வு, 2022 ஜூலையில் உயர்வு, 2025 நவம்பரில் மறுபடியும் உயர்வு. கடைசி முறை, பழைய சேவர் (மைல் விலை குறைவு, சீட் கிடைப்பது கடினம்), அட்வாண்டேஜ் (விலை அதிகம், சீட் எளிது) வகைகளோடு ஆக்சஸ் என்ற மூன்றாவது வகையும் சேர்ந்தது. அதற்கு நிலையான விலை கிடையாது.

கிரிஸ்ஃப்ளையர் மைலின் ஆயுள் சேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. கடைசி இரண்டு உயர்வுகளுக்கு நடுவில் சுமார் மூன்றேகால் ஆண்டு. அதாவது மூன்று ஆண்டும் வைத்திருக்கும் மைல், தன் ஆயுளுக்குள் ஒரு விலை உயர்வைப் பார்க்கும் வாய்ப்பு மிக அதிகம்.

எப்படிப் பயன்படுத்துவது? சேவர் சீட்டைத் தேடுங்கள். பயணத்துக்கு 355 நாள் முன்பே பதிவு திறக்கிறது. பொங்கல், தீபாவளி, டிசம்பர் பள்ளி விடுமுறை என்றால் திறக்கும் வாரத்திலேயே பார்ப்பது உத்தமம். சேவர் இல்லையென்றால் வெயிட்லிஸ்டில் சேரலாம். அது நிச்சயமில்லை, மாற்று ஏற்பாடு இல்லாமல் அதை நம்பி விடுப்பு எடுக்க வேண்டாம். தேதியில் பிடிவாதம் இல்லாதவர்கள், மாதந்தோறும் வரும் ஸ்பான்டேனியஸ் எஸ்கேப்ஸ் பட்டியலைப் பார்க்கலாம். அடுத்த மாதப் பயணத்துக்கு மைல் விலையில் வழக்கமாக 30% வரை தள்ளுபடி. எடுத்த டிக்கெட்டை மாற்றவோ ரத்து செய்யவோ முடியாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. திருச்சி, கோவைக்குப் போகும் ஸ்கூட் (சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மலிவு விமான நிறுவனம்) டிக்கெட் மலிவாகக் கிடைக்கும்போது ரொக்கம்தான் சரி. மைலை விலை அதிகமான பாதைக்கு வையுங்கள்.

வங்கி பாயிண்டை மாற்றும் வரிசை

கார்டு செலவுக்கு வங்கி தரும் பாயிண்டை விமான மைலாக மாற்றினால் திரும்பி வராது. எனவே மாற்றாமல் வங்கியிலேயே வைத்திருப்பதே பாதுகாப்பு: ஒரு திட்டம் விலையை ஏற்றினால் இன்னொரு திட்டத்துக்குப் போகலாம். வங்கியும் மாற்று விகிதத்தைக் குறைக்கலாம், பாயிண்டுக்குக் காலாவதியும் இருக்கலாம். அந்த இரண்டையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் விமானத் திட்டத்தில் கணக்கு திறந்து, பெயர் வங்கியில் உள்ளதுபோலவே இருக்கிறதா என்று சரிபாருங்கள். இனிஷியல் முன்னும் பின்னுமாக மாறியிருப்பதால் மாற்றம் நிராகரிக்கப்படுவது நம் பெயர்களுக்கு அடிக்கடி நேரும். அடுத்து சீட் இருக்கிறதா என்று தேடி, பணம் கட்டும் பக்கம் வரை போங்கள். கூட்டணி நிறுவன விமானங்களில் (உங்கள் மைலை ஏற்கும் வேறு நிறுவனங்கள்) தேடலில் சீட் தெரிந்து, கடைசிப் படியில் ‘கிடைக்கவில்லை’ என்று வருவது உண்டு. அதன் பிறகுதான் மாற்றம், அதுவும் தேவையான அளவு மட்டும். சில வங்கிகளில் உடனே ஏறும், சிலவற்றில் பல நாள் ஆகும். அதற்குள் சீட் போகலாம். இந்திய வங்கிகளில் மாற்றக் கட்டணமும் அதன்மேல் 18% ஜிஎஸ்டியும் இருந்தால், சின்னச் சின்னதாகப் பலமுறை மாற்றாமல் ஒரே முறையாக மாற்றுங்கள்.

விலை உயர்வு அறிவிப்பு வந்தால்

பழைய விலை எந்தத் தேதி, எந்த நேர மண்டலத்தின் நள்ளிரவு வரை என்று பாருங்கள். போக நினைத்திருந்த பயணம் இருந்தால் அதற்குள் டிக்கெட் எடுத்துவிடலாம். பயணம் பல மாதம் கழித்து இருந்தாலும் பழைய விலையே. எடுக்கும் முன் மூன்று விதிகளைப் படியுங்கள்: ரத்து செய்தால் எவ்வளவு, மைல் முழுதும் திரும்புமா, பின்னால் தேதியையோ பாதையையோ மாற்றினால் புது விலை விழுமா. திரும்பி வரும் மைலின் காலாவதித் தேதி ஏற்கெனவே கடந்திருந்தால் அது அப்படியே போய்விடும் திட்டங்களும் உண்டு. போகத் திட்டமே இல்லாத ஊருக்குப் பதற்றத்தில் டிக்கெட் எடுப்பது, மைலோடு விடுப்பையும் ஓட்டல் செலவையும் சேர்த்து வீணாக்கும்.

நிறுவனமே போனால்

கிங்ஃபிஷர் 2012-இல் தரையிறங்கியபோது அதன் கிங் கிளப் மைல்கள் மண்ணாகின. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது அதன் மைல்கள் பிழைத்தன. அந்தத் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததே காரணம். பிறகு இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறியது. ஆனால் எதற்காகச் சேர்த்தார்களோ அந்த ஜெட் விமானம் இல்லை. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது பாயிண்டுகள் ஒன்றுக்கு ஒன்றாக மாறின. எண்ணிக்கை அப்படியே, வாங்கக்கூடியது வேறு பட்டியல்.

சம்பள பாக்கி, குத்தகை விமானங்களைத் திரும்ப எடுப்பது, திடீர் ரத்துகள் என்று செய்தி வரத் தொடங்கினால், அந்த நிறுவனத்தின் மைலை அதன் கூட்டணியில் உள்ள வேறு நிறுவனத்தின் விமானத்தில், பக்கத்துத் தேதியில் செலவழித்துவிடுங்கள். அதே நிறுவனத்தின் விமானத்தில் ஆறு மாதம் கழித்து எடுக்கும் டிக்கெட்டும் அந்த மைலோடு சேர்ந்தே போகும்.

காலாவதி விஷயத்தில் இரண்டு வகை. சில திட்டங்களில் கணக்கில் ஏதாவது அசைவு இருந்தால் போதும். பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏவியோஸ் அப்படி, 36 மாதத்துக்குள் ஒரு சேர்ப்போ செலவோ நடந்தால் மொத்தமும் உயிரோடு இருக்கும். கிரிஸ்ஃப்ளையரில் அசைவு உதவாது. ஒவ்வொரு மாதம் சேர்ந்ததும் தனித்தனியாகக் காலாவதியாகும். கட்டணம் செலுத்தி நீட்டிக்கலாம் என்றாலும், நீட்டிப்புக் கட்டணத்தை மைலின் அடக்க விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.