பணமில்லாத இன்கா பேரரசு: எழுதும்போது சறுக்கும் இடங்கள்

பணமும் சந்தையும் இல்லாமல் ஒரு நாடு நடக்குமா என்ற பேச்சு வந்தால், ஸ்பானியர் வருவதற்கு முன் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியை ஆண்ட இன்காக்களைச் சாட்சிக்கு அழைப்பது வழக்கம். சாட்சி சரிதான். வாக்குமூலத்தைத்தான் ஆளாளுக்குத் திருத்திவிடுகிறார்கள்.

பணம் இல்லையென்றால் பண்டமாற்றுதான் என்று முடிவுகட்டுவது முதல் தவறு. உப்புக்கு நெல் என்று பேரம் பேசுவதும் ஒருவகை வணிகமே. இன்கா அரசு பேரம் பேசவில்லை. குடிகளிடம் அது முக்கியமாகக் கேட்டது உழைப்பை. விளைநிலத்தில் ஒரு பகுதி அரசுக்கு, ஒரு பகுதி சூரியக் கோயிலுக்கு, மீதி ஊராருக்கு. முதல் இரண்டிலும் ஊரார் முறைவைத்து உழைத்தார்கள். சாலை போடுவதும் பாலம் கட்டுவதும் படைக்குப் போவதும் 'மித்தா' என்னும் இதே முறை வேலைதான். வேலை நாட்களில் உணவும் 'சிச்சா' என்னும் மக்காச்சோள மதுவும் அரசின் பொறுப்பு. அதில் கை சுருக்கினால் ஆள் திரட்டுவது கஷ்டம்.

அடுத்த தவறு களஞ்சியங்களைப் பார்த்து மயங்குவது. மயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மத்திய பெருவில், கடல் மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கும் மேலே, வானுக்கோ பாம்பா என்ற இடத்தில் ஏறக்குறைய 500 கிடங்குகளின் எச்சங்கள் மலைச்சரிவில் வரிசை வரிசையாக இருக்கின்றன. அங்கே அகழாய்வில் தெரிந்த வரையில், வட்டக் கிடங்குகளில் ஜாடிகளில் அடைத்த மக்காச்சோளம். செவ்வகக் கிடங்குகளில் கிழங்கு வகைகள். மலைக்குளிரில் கிழங்கு எளிதில் கெடாது.

இதைக் கண்டு 'அரசே எல்லாருக்கும் சோறு போட்டது' என்று எழுதிவிடுகிறார்கள். பிரெஞ்சுப் பொருளியலாளர் லூயி போதேன் 1928இல் இதைச் சோஷலிசப் பேரரசு என்றே அழைத்தார். அது மிகை. கிடங்குச் சரக்கில் பெரும்பகுதி படைக்கும் முறை வேலைக்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் போனது. குடியானவர் வீட்டில் உலை கொதித்தது சொந்த ஊர் விளைச்சலில். பஞ்சத்தில் கிடங்குகள் கைகொடுத்ததாகப் பழைய ஸ்பானிய ஏடுகள் சொல்வது உண்மைதான். ஆனால் அது அன்றாட ஏற்பாடு அல்ல. மன்னர் பரிசளித்த உயர்தரத் துணிக்கும் விலை உண்டு: வாங்கியவர் விசுவாசத்தால் அதைத் தீர்க்க வேண்டும்.

வணிகமே கிடையாது என்று அடித்துப் பேசவும் கூடாது. வடக்கே, இன்றைய எக்வடோர் பகுதியில், 'மிந்தலா' எனப்பட்ட தொலைதூர வணிகர்கள் இருந்தார்கள்.

இன்றைய பொலிவியாவில் உள்ள பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்தின் கொடுமையை இன்காக்களின் கணக்கில் எழுதுவது இன்னொரு குழப்பம். இன்காக்களை ஸ்பானியர் வென்ற பிறகு, 1570களில் ஸ்பானிய வைஸ்ராய் தொலேதோ 'மித்தா' என்ற பழைய பெயரை வைத்துக்கொண்டு, சொற்பக் கூலிக்குச் சுரங்கத்தில் கட்டாய வேலை வாங்கினார். விருந்தும் பதில்மரியாதையும் அதில் இல்லை.

கடைசியாக, எழுத்து இல்லாததால் கணக்கும் இல்லை என்ற நினைப்பு. 'கிப்பு' எனப்பட்ட முடிச்சுக் கயிறுகளில் கணக்கு துல்லியமாக இருந்தது. மத்திய பெருவின் ஹௌஹா பள்ளத்தாக்குத் தலைவர்கள், இன்காக்களை வென்ற ஸ்பானியத் தளபதி பிசாரோவின் படை வந்ததிலிருந்து தாங்கள் கொடுத்த லாமா என்னும் சுமைவிலங்குகள், மக்காச்சோளம், துணி எல்லாவற்றையும் கயிற்றிலிருந்தே படித்து, 1561இல் லிமா நீதிமன்றத்தில் ஒப்பித்தார்கள். கொள்ளை போன பொருள்களுக்கும் அதில் கணக்கு இருந்தது.