லைட் எரியுது, சக்கரம் சுத்தலையா? மொதல்ல கிரவுண்ட பாருங்க

வீட்டுல செஞ்ச ரோபோ கார்ல எல்298என் டிரைவர் (மோட்டார ஓட்டற போர்டு) லைட் எரியுது ஆனா சக்கரம் அசையலைன்னா உடனே புரோகிராம் கோட போய் மாத்தாதீங்க, ஆர்டுயினோ (அந்த புரோகிராம் ஓடற குட்டி போர்டு) கிரவுண்டும், அதாவது மைனஸ் பக்கமும், டிரைவர் கிரவுண்டும் பேட்டரி மைனஸும் ஒண்ணா சேர்ந்திருக்கான்னு மொதல்ல பாருங்க, நான் ஒரு ராத்திரி முழுக்க தேடினது இந்த ஒரே ஒயருக்குத்தான். அடுத்து டிரைவர்ல ஈஎன்ஏ, ஈஎன்பின்னு இருக்கற பின்கள் (மோட்டார ஆன் பண்றது) மேல மாட்டியிருக்கற ஜம்பர், அதாவது குட்டி இணைப்பு மூடி. அத கழட்டிட்டு அந்த பின்ல எதையும் மாட்டாம விட்டா மோட்டார் அனேகமா ஓடாது, ஸ்பீட் கண்ட்ரோல் வேணும்னா அந்த பின்ன ஆர்டுயினோவோட பிடபிள்யூஎம் பின்ல (வேகமா ஆன்-ஆஃப் பண்ணி ஸ்பீட கூட்டிக் குறைக்கறது) கொடுங்க.

சதுரமா இருக்கற 9 வோல்ட் பேட்டரி வேண்டவே வேண்டாம், ரெண்டு மோட்டாருக்கு வேண்டிய கரண்ட் அதால தர முடியாது, போதாததுக்கு இந்த டிரைவரே கிட்டத்தட்ட 2 வோல்ட்ட தின்னுடும், அதனால ரெண்டு 18650 செல்ல (ரீசார்ஜ் பண்ற லித்தியம் செல்) சீரிஸ்ல, அதாவது ஒண்ணோட பிளஸ்ஸ இன்னொண்ணோட மைனஸ்ல சேர்த்து, போடுங்க. ஒரு சக்கரம் மட்டும் பின்னாடி சுத்துதா, பேட்டரிய கழட்டிட்டு அந்த மோட்டாரோட ரெண்டு ஒயரையும் மாத்தி மாட்டுங்க.