ஸ்கீமா சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி தான் முதன்முதலாகச் செய்த இணையதளத்தைக் காட்டினார். புடவைக் கடை. பக்கத்தின் சோர்ஸ் கோடைத் திறந்தால் ஸ்கீமாவில், அதாவது பக்கத்தில் இருப்பதைக் கூகுளுக்குப் புரியும்படி எழுதித் தரும் குறிப்பில், 4.9 ரேட்டிங், 312 ரிவ்யூ. பக்கத்தை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தேன், ஒரு ரிவ்யூகூட இல்லை. "எங்கப்பா இதெல்லாம்?" என்றேன். "அது கூகுளுக்கு மட்டும்ணா" என்றார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கமா விட்டுப்போவது, அடைப்புக்குறி மூடாதது எல்லாம் இங்கே வேண்டாம். அதை ஸ்கீமாவைச் சோதிக்கும் கூகுளின் டெஸ்டிங் டூலே சொல்லிவிடும்.

இல்லாத நட்சத்திரம்

அப்போது என் கையில் இருந்ததும் ஒரு கடைதான். ரேட்டிங் பிளாக்கை எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான ஃபுட்டரில் (பக்கத்தின் அடிப்பகுதியில்) போட்டுவிட்டேன். புடவைக்கும் 4.8, 'எங்களைப் பற்றி'க்கும் 4.8, கூரியர் விதிமுறைக்கும் அதே 4.8! சில வாரங்களில் தேடல் முடிவில் மஞ்சள் நட்சத்திரங்கள் வந்தன. கடைக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் போனை நீட்டிக் காட்டினார்.

அப்புறம் தளத்துக்காரர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்‌ஷன், அதாவது விதியை மீறியதற்கான தண்டனை, வந்து நின்றது. தேடலில் இருந்த இடம் இறங்கவில்லை. ஆனால் நட்சத்திரத்தோடு விலை, இருப்பு என்று ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருந்ததும் சேர்ந்தே போனது. எல்லாவற்றையும் சுத்தம் செய்து, மறுபரிசீலனை கேட்டு, காத்திருந்தேன். "நட்சத்திரம் எங்க தம்பி?" என்று தினமும் போன். என்ன பதில் சொல்வது?

பக்கத்துக்கு வருகிறவர் கண்ணில் படாத எதையும் ஸ்கீமாவில் எழுதக்கூடாது. கூகுளின் விதியிலேயே இது இருக்கிறது. இப்போது ஸ்கீமாவைத் தனிக் கோடாக எழுதும் ஜேசன்-எல்டி முறை திரையில் தெரியாது என்பதால்தான் இந்தத் துணிச்சல் வருகிறது. பழைய மைக்ரோடேட்டா முறையில் பெரும்பாலும் கண்ணில் படும் எழுத்துக்கே குறி போட வேண்டும், இவ்வளவு சுலபமாகப் புளுக முடியாது.

ரிவ்யூ உண்மையாகவே இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. தன் கடையைப் பற்றிய ரிவ்யூவைத் தன் தளத்திலேயே போட்டுக்கொண்டால், 2019 செப்டம்பரிலிருந்து கூகுள் அதற்கு நட்சத்திரம் காட்டுவதில்லை. விற்கும் பொருளுக்கு வந்த ரிவ்யூ என்றால் சரி, அதுவும் அந்தந்தப் பொருளின் பக்கத்தில்.

கையால் அடித்த விலை

விலையை ரூபாய்க் குறியும் கமாவும் இல்லாமல் 1499 என்று எழுதுங்கள். ஐஎன்ஆர் என்ற நாணயக் குறியீட்டுக்குத் தனிப் புலம் இருக்கிறது. ஆனால் தொல்லை அதில் இல்லை. ஆடித் தள்ளுபடி முடிந்து பக்கத்தில் விலை ஏறியிருக்கும், ஸ்கீமாவில் பழைய விலையே கிடக்கும். இரண்டும் ஒரே டேட்டாபேஸிலிருந்து வரட்டும்.

பழைய வீடியோ பார்த்துக் கேள்வி-பதில் ஸ்கீமா

அடிக்கடி கேட்கும் கேள்விகளை (எஃப்ஏக்யூ) தேடல் முடிவிலேயே காட்டவைக்கும் ஸ்கீமா இது. 2023 ஆகஸ்டில் கூகுள் அப்படிக் காட்டுவதைப் பெயர்பெற்ற அரசு, மருத்துவத் தளங்களோடு சுருக்கிவிட்டது. செய்முறை (ஹவ்-டூ) ஸ்கீமாவின் கதை அடுத்த மாதமே முடிந்தது. இன்னமும் இதற்குக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு எஸ்இஓ பிளகின்

இரண்டும் ஒரே பக்கத்துக்குத் தனித்தனியாக ஸ்கீமா எழுதும். ஒன்றை எடுத்துவிடுங்கள்.

டெஸ்டில் பச்சை டிக்

அந்தத் தம்பியும் முதலில் இதைத்தான் காட்டினார். டூல் இலக்கணம்தான் பார்க்கும், 312 பேர் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்க்காது.

நேற்று அவரிடமிருந்து மெசேஜ். 312 இப்போது 2 ஆகியிருக்கிறது. இரண்டும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒன்றில், "முதல் துவைப்பில் சாயம் கொஞ்சம் போகுது."