பழைய காரின் ஸ்டீயரிங் பாக்ஸ்: அந்தத் திருகைத் தொடும் முன்

கோலாலம்பூரின் செகாம்புட்டில் உள்ள எங்கள் பட்டறைக்கு வேலை பழக வரும் இளைஞர்களும், பழைய காரை வாங்கித் தாங்களே புதுப்பிக்கும் அன்பர்களும், ஸ்டீயரிங் பாக்ஸில், அதாவது ஸ்டீயரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களைத் திருப்பும் இணைப்புகளுக்குக் கடத்தும் பல் பெட்டியில், ஒரு தலைமுறைக்கு முன் இங்கே நடந்த அதே பிழைகளைத்தான் இன்றும் செய்கிறார்கள். நட்டை முறுக்க மறப்பது, சீலைத் தலைகீழாகப் போடுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்; அவை தாமாகவே தெரிந்துவிடும். வேலை முடிந்த அன்று நன்றாக ஓடிவிட்டு, கெந்திங் மலை இறக்கத்தில் வெளிப்படும் பிழைகளைப் பற்றியே எழுதுகிறேன்.

ஆட்டம் இருக்கிறது என்று மேல் திருகை இறுக்குவது

இத்தனை ஆண்டுகள் ஆகியும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஸ்டீயரிங்கில் ஆட்டம் தெரிந்தவுடன், பாக்ஸின் மேலே கைக்கு எட்டும் இடத்தில் லாக் நட்டுடன் இருக்கும் திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று இறுக்கிவிடுகிறார்கள். ஆட்டம் உடனே குறைகிறது. ஆகவே வேலை சரியாகிவிட்டது என்று நம்புகிறார்கள்.

பாக்ஸுக்குள் ஸ்டீயரிங்கோடு சுழலும் மரையுள்ள தண்டு வோர்ம்; அதன் மேல் பந்துகளின் மீது உருண்டு ஏறி இறங்குவது பந்து நட்டு; அந்த நட்டின் பற்களோடு பொருந்தித் திரும்பும் பல் தண்டு செக்டர் ஷாஃப்ட். அந்தத் திருகு செக்டர் ஷாஃப்ட்டைப் பந்து நட்டுடன் நெருக்குகிறது. சக்கரங்கள் நேராக இருக்கும்போது பற்கள் இறுக்கமாகவும், இரு பக்கமும் திருப்பும்போது சற்றுத் தளர்வாகவும் பொருந்தும்படியே இந்தப் பெட்டி வடிவமைக்கப்பட்டுள்ளது. கார் பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் தேய்மானமும் நடுவிலேதான் அதிகம். தேய்ந்த நடுவில் ஆட்டம் போகும்வரை திருகை இறுக்கினால், தேயாத பக்கவாட்டுப் பற்கள் அளவுக்கு மீறி நெருக்கப்படுகின்றன. வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் அங்கேயே பிடித்துக்கொள்வது இதனால்தான்.

கெப்போங்கிலிருந்து ஓர் இளைஞர் தம் டட்சன் 120ஒய் காரைக் கொண்டுவந்தார். காராக் நெடுஞ்சாலையின் வளைவுகளில் ஸ்டீயரிங் திரும்பி வரவில்லை என்றும், ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து நேராக்க வேண்டியிருந்தது என்றும் சொன்னார். பாக்ஸைத் திறந்தபோது வோர்மின் பள்ளங்கள் அரிக்கப்பட்டுக் குழிகளாகியிருந்தன. ஆட்டத்தைப் போக்க மேல் திருகை இறுக்கியிருந்தார்; ஆனால் அந்த ஆட்டம் தொடங்கியதோ, பாக்ஸுக்கு எதிர்ப்பக்கத்தில் இணைப்புகளைத் தாங்கும் கையான ஐட்லர் ஆர்மின் புஷ்ஷில். சில பத்து ரிங்கிட்டில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்காக ஒரு நல்ல பாக்ஸ் அழிந்தது. பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய கார்களை விற்கும் ஹாஃப் கட் கடைகளில் இப்போது கிடைப்பவை பெரும்பாலும் பிற்காலக் கார்களின் பாகங்களே என்பதால், மாற்றுப் பாக்ஸுக்கு அவர் நெடுநாள் அலைந்தார்.

ஆகவே முதலில் கண்ணால் பாருங்கள். டயர்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிது அசைக்கட்டும். பவர் ஸ்டீயரிங் என்றால் எஞ்சின் ஓடட்டும். நீங்கள் கீழிருந்து ஸ்டீயரிங் தண்டைப் பாக்ஸோடு இணைக்கும் ரப்பர் கப்ளிங், ஐட்லர் ஆர்ம், சக்கரங்களைத் தள்ளி இழுக்கும் டை ராடுகளின் முனைகள், பாக்ஸை உடம்போடு பிடிக்கும் போல்ட்டுகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். உள்ளே செல்லும் ஷாஃப்ட் திரும்பியும், பாக்ஸிலிருந்து வெளிவந்து இணைப்புகளை நகர்த்தும் கையான பிட்மன் ஆர்ம் அசையாமல் இருந்தால்தான் குற்றம் பாக்ஸுடையது. அப்போதும் வோர்ம் பேரிங்கின் இறுக்கத்தை முதலில் சரிசெய்து, பிட்மன் ஆர்மையும் ஐட்லர் ஆர்மையும் இணைக்கும் சென்டர் லிங்க்கைக் கழற்றிவிட்டு, சரியான நடுநிலையில் மட்டுமே மேல் திருகைத் தொட வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பதைக் கை சொல்லாது. அந்தக் காரின் பழுதுபார்க்கும் கையேடு தரும் அளவை திருப்பு விசையைக் காட்டும் டார்க் கருவியால் அளந்து வையுங்கள்.

நடுநிலையைத் தேடாமல் பொருத்துவது

மாற்றிப் போட்ட பாக்ஸ் நடுவில் இல்லாவிட்டால், கார் நேராக ஓடும்போது பற்கள் தளர்வான பகுதியில் நிற்கும். நல்ல பாக்ஸிலும் ஆட்டம் தெரியும், உடனே கை மேல் திருகுக்குப் போகும். முன்பு சொன்ன கதை மீண்டும் தொடங்கும். இணைப்புகளைக் கழற்றிய நிலையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சுற்றுகளை எண்ணிப் பாதியில் நிறுத்துங்கள். முனையில் ஓங்கி மோதவிடாதீர்கள். பந்துகள் சுழன்று வரும் குழாய்கள் நசுங்கிவிடும். 1976இல் அறிமுகமான பென்ஸ் டபிள்யூ 123 போன்ற கார்களில் நடுநிலையில் பூட்டுவதற்கென்றே பாக்ஸில் ஒரு துளை இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். ஸ்டீயரிங் வீல் கோணலாக நிற்கிறது என்பதற்காக டை ராடுகளைத் திருகித் திருகி அதை மறைக்க முயல்வது தவறு.

பிட்மன் ஆர்மைச் சுத்தியலால் தட்டுவது

வேண்டாம். அடி உள்ளே பந்துகளில் இறங்கும். இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரைப் போடுங்கள், கழற்றும் முன் கோடு போட்டு வையுங்கள்.

எந்த நாட்டுப் பாக்ஸ் என்று பாராமல் வாங்குவது

ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப் கட் நம்மைப் போலவே வலப்பக்க ஸ்டீயரிங் என்பதால் அதில் சிக்கல் குறைவு. அமெரிக்காவிலிருந்து இணையத்தில் வரவழைப்பவை இடப்பக்கக் கார்களுக்கானவை. இணைப்புகள் அச்சுக்கு முன்னால் இருக்கும் காரின் பாக்ஸை, அவை பின்னால் இருக்கும் காரில் அப்படியே வைத்தால், ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பும்போது சக்கரம் வலப்பக்கம் போகும். அதைச் சரிக்கட்ட பாக்ஸைத் தலைகீழாக வைத்துப் பார்த்தவர்களையும் கண்டிருக்கிறேன். போல்ட் துளைகள் ஒத்துப்போவது போதாது. பிட்மன் ஆர்மின் நீளம், அது சுழலும் திசை, சென்டர் லிங்க்கின் உயரம் ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

கியர் எண்ணெய் கேட்கும் பாக்ஸில் கிரீஸ் அடைப்பது

ஒழுகும் சீலை மாற்றுங்கள். கெட்டியான கிரீஸ் ஒருமுறை விலகினால் பந்துகளிடம் திரும்பி வராது.

சேஸிஸுக்குள் குழாய் இல்லாமல் போல்ட்டை முறுக்குவது

பாக்ஸின் போல்ட்டுகள் சேஸிஸின் உள்ளீடற்ற பகுதியை ஊடுருவிச் செல்லும் கார்களில், உள்ளே ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய் இருக்கும். மழையும் வெக்கையும் மாறி மாறித் தாக்கும் நம் ஊரில் அது துருப்பிடித்து உதிர்ந்திருந்தால், முறுக்க முறுக்கத் தகடு நசுங்குமே தவிர போல்ட் பிடிக்காது. சில வாரங்களில் தளரும், பின் தகட்டில் வெடிப்பு ஓடும். பவர் ஸ்டீயரிங் பாக்ஸாக மாற்றுபவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும், ஏனெனில் அந்த இடத்தில் விழும் சுமை கூடுகிறது.

பாக்ஸை எடுத்துவிட்டு ரேக் பொருத்துவது

ரேக் என்பது பல் தண்டு ஒன்று பக்கவாட்டில் நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் வேறு வகை ஸ்டீயரிங். இது பழுதுபார்ப்பு அன்று, வாகனத்தின் அமைப்பையே மாற்றுவது. ஆகவே வெல்டிங்கைத் தொடங்கும் முன்பே சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் ஒப்புதல் பற்றிக் கேளுங்கள். ரேக்கின் உள்முனை மூட்டுகள் சஸ்பென்ஷன் ஆர்ம்களின் சுழல்புள்ளிகளோடு ஒத்த இடத்தில் அமையாவிட்டால், மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஸ்டீயரிங்கைத் தொடாமலே சக்கரங்கள் திரும்பும். முன் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கால் கீழிருந்து மேல்வரை சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு உயரத்திலும் டோ அளவு, அதாவது சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு, எவ்வளவு மாறுகிறது என்று எழுதிப் பாருங்கள். மாற்றம் பெரிதாக இருந்தால் ரேக்கின் உயரத்தைத் திருத்திய பின்னரே காரைச் சாலைக்கு எடுங்கள்.