மூடுக்கு காத்திருக்காம நாவல் எழுதறது எப்படி

நாவல் எழுத மூடு வரணும்னு காத்துட்டு இருக்கவங்களுக்கு தான் இத எழுதறேன். முதல்ல ஒரு நேரத்த புடிங்க. காட்பாடியில ரயில் ஏறி சென்னைக்கு வேலைக்கு போறவங்களா இருந்தா ஜன்னல் சீட்டு கெடச்ச அந்த ரெண்டு மணி நேரம், வீட்ல இருக்கறவங்கன்னா எல்லாரும் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி, எதுவா இருந்தாலும் தினமும் அதே நேரம். ஒரு நாளைக்கு 300 வார்த்தை போதும், 200 நாள்ல 60,000 வார்த்தை ஆயிடும், அது முழு நாவல்.

முதல் டிராஃப்ட்ல பின்னாடி போய் திருத்தாதீங்க. சந்தேகம் வந்தா ஒரு ஸ்டார் போட்டுட்டு மேல போங்க, கதை 1985ல நடக்குது, ராணிப்பேட்டை அப்போ எந்த மாவட்டம்னு உடனே போன எடுத்து தேடுனீங்கன்னா அன்னிக்கு எழுத்து போச்சு. (வட ஆற்காடு தான். 1989ல திருவண்ணாமலை பக்கம் பிரிஞ்சுது, ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆனது 2019ல.)

ஆனா யார் கண்ணு வழியா பாக்குறோம்ங்கறத மட்டும் தள்ளி போடவே முடியாது. ஆம்பூர்ல தோல் பதனிடற டேனரியில இருவது வருஷமா வேலை பாக்குறவன் கதை சொல்றான்னு வைங்க, எடுத்த எடுப்புலயே "குமட்டும் நாற்றம்"னு எழுதுனா அது பஸ்ல தாண்டிப் போற எழுத்தாளரோட மூக்கு. அவனுக்கு அந்த வாடை எப்பவோ பழகிடுச்சு. சுண்ணாம்பு பட்டு வெடிச்ச வெரல்ல கொழம்பு சோறு பிசையறப்போ சுர்ருனு ஏறுது பாருங்க, அவனுக்கு தெரியறது அது. நாத்தத்த சொல்லணும்னா புதுசா கல்யாணம் ஆகி வந்த பொண்டாட்டி வாயால வரட்டும்.

பேச்சும் அப்படி தான். நம்ம வட ஆற்காடு பக்கத்து ஆளு "இன்னாபா, எங்க போய்கினு கீற"ன்னு தான் கேப்பான், அவன மதுரைக்காரன் மாதிரி பேச வச்சா இங்க ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. அதுக்காக எல்லா வரியிலயும் கினு, கீதுன்னு திணிக்கவும் வேணாம், வயசான ஆயா, காலேஜ் படிச்ச பொண்ணு, வாணியம்பாடியில வீட்ல உருது பேசறவர், ஒவ்வொருத்தருக்கும் அளவு வேற. டீக்கடையில நின்னு காது குடுங்க, கேட்டத அங்கயே எழுதிக்கோங்க, ராத்திரி வரைக்கும் ஞாபகத்துல நிக்காது.

முடிச்சதும் ஒரு மாசம் தொடாதீங்க. அப்புறம் சத்தமா படிங்க, எங்க மூச்சு வாங்குதோ அங்க வாக்கியத்த ஒடைங்க, நீங்களே தாண்டி தாண்டி போற பத்தி இருந்தா அத தூக்கிடுங்க. புடிச்ச வரியாச்சேன்னு மனசு அடிச்சிக்கும், தனி ஃபைல்ல போட்டு வச்சிக்கிட்டா கை கொஞ்சம் தைரியமா வெட்டும்.