இங்கிலாந்துக் கிராமம் ஒன்றின் பழங்கதையைத் திரட்டுவது எப்படி

முதலில் வயதானவர்களிடம் போங்கள், ஆவணக் காப்பகம் அப்புறம். காரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நூறு வருடம் பூட்டியே இருக்கும், இப்போதைக்குக் கடைசியாகத் திறந்தது 1921-இல் எடுத்தது. 1931-இல் எடுத்தது 1942-இல் தீயில் போய்விட்டது, 1941-இல் போரினால் எடுக்கவே இல்லை. நடுவில் இருப்பது 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த மக்கள் பதிவேடு மட்டும்தான், அதிலும் உயிரோடு இருக்கக்கூடியவர்களின் வரிகள் மறைக்கப்பட்டிருக்கும். ஆக, இன்று தொண்ணூறு வயதானவரின் சிறுவயதுக் கிராமத்தைச் சொல்ல அவரை விட்டால் ஆளில்லை.

"அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள், இரண்டே வரியில் பேச்சு முடிந்துவிடும். பழைய ஆர்டனன்ஸ் சர்வே (அந்நாட்டு நில அளவைத் துறை) வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து மேசையில் விரியுங்கள் (ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்து வரைபடங்களும் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன). கொல்லுப்பட்டறை எங்கே இருந்தது, தண்ணீர் எங்கே பிடித்தீர்கள், பள்ளிக்கு எந்த வழியாக நடந்தீர்கள், போர்க்காலத்தில் நகரத்திலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகள் யார் வீட்டில் தங்கினார்கள் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வீட்டைத் தொட்டதும் அதில் இருந்தவர், அவருடைய நாய், அவருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் வேலியால் வந்த சண்டை எல்லாம் தானாக வரும். குறுக்கே பேசாதீர்கள். அவர் சும்மா இருந்தால் நீங்களும் சும்மா இருங்கள், பாதி நல்ல விஷயங்கள் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வருகின்றன.

போனில் பதிவு செய்தால் போதும், டிவியை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள். பேசியவரின் வார்த்தைகளுக்கு அந்நாட்டுச் சட்டப்படி காப்புரிமை அவருக்கே, அதனால் எழுத்தில் சம்மதம் வாங்குவது அவசியம். ஊரில் இன்னும் இருப்பவர்களைப் பற்றிய வம்பு வந்தால் அதை வெளியிடவே வேண்டாம், எவ்வளவு சுவையாக இருந்தாலும்.

இனி கவுண்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஆவணக் காப்பகம். அங்கே முதலில் கேட்க வேண்டியது பள்ளியின் லாக் புக். 1862-க்குப் பிறகு தலைமையாசிரியர்கள் எழுதி வைத்தது. அறுவடைக்குப் போனதால் வகுப்பு காலி, தட்டம்மையால் பள்ளி மூடல் என்று ஊரின் அன்றாடம் அதில்தான் இருக்கிறது. டைத் என்பது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குக் கொடுத்த வரி; அது பற்றிய 1836 சட்டத்தை ஒட்டி வரைந்த டைத் வரைபடங்களோடு சேர்ந்த பட்டியலில் ஒவ்வொரு வயலுக்கும் உரிமையாளர், பயிரிட்டவர் விவரம் உண்டு, பல இடங்களில் வயலின் பெயரும் உண்டு. இன்னும் பின்னால் போக, 1538-இல் தொடங்கிய தேவாலயப் பதிவேடுகள், மிஞ்சியிருக்கும் வரை. 1841 கணக்கெடுப்பில் பெரியவர்களின் வயதை நம்பாதீர்கள், ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள்.

நினைவும் தாளும் முரண்பட்டால் இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள். பதிவின் ஒரு பிரதியை அந்தக் குடும்பத்துக்கும் இன்னொன்றைக் காப்பகத்துக்கும் கொடுத்துவிடுங்கள்.